ஆட்டை விற்றுவிடாதீர்கள்

அண்மைக் காலமாக எங்கள் மனநலப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. நோயாளியுடன் வரும் அண்ணனோ அக்காளோ கைபேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டுவார்கள். பசுமையான புல்வெளி. ஓர் இளைஞர் குதிரையின் கழுத்தைத் தடவியபடி நிற்கிறார். இன்னொருவர் கோழிகளுக்குத் தீவனம் தூவுகிறார். "டாக்டர், வெளிநாட்டில் பண்ணையிலேயே வைத்துச் சரிசெய்கிறார்களாமே? நம் பக்கத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா? எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை ஆண்டுக் களைப்பு இருக்கிறது என்பதை நான் அறிவேன். மாத்திரை வேளை தவறாமல் கொடுத்தாயிற்று; கோயில்களுக்குச் சென்று வந்தாயிற்று; நோயின் கொடுமையும் பெருமளவு அடங்கிவிட்டது. ஆயினும் பிள்ளை எழுந்து நடமாடவில்லை. அந்த ஏக்கத்தோடு கேட்பவர்களை இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஆகவேதான் இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தகைய பண்ணைகளில் உண்மையான பயன் உண்டு. ஆனால் அந்தப் பயனைத் தரும் பொருள் நம்மில் பலரின் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது. நோய் வந்தவுடன் அன்பு மிகுதியால் நாமே அதை அகற்றிவிட்டோம். அகற்றச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

நான் எழுதிய ஒரு வரி

பட்ட மேற்படிப்பை முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நடந்தது இது. குடும்பத்தாரின் இசைவுடன், அவர்களை அடையாளம் காட்டும் செய்திகளைத் தவிர்த்துச் சொல்கிறேன்.

மானாவாரி நிலம் நிறைந்த ஒரு சிற்றூரிலிருந்து 26 வயது இளைஞர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவருக்கு மனச்சிதைவு நோய். யாரோ தம்மைத் திட்டும் குரல் காதில் ஓயாமல் கேட்டது. ஊரார் தமக்கு நஞ்சு வைக்கப் பார்க்கிறார்கள் என்று நம்பினார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டபின் அவர் பார்த்து வந்த வேலை ஆடு மேய்ப்பது. ஏறத்தாழ இருபது வெள்ளாடுகள் இருந்தன. ஐந்து வாரச் சிகிச்சைக்குப் பின் குரல்கள் அடங்கின. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மருந்துகளின் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: "நல்ல ஓய்வு தேவை. வெயிலில் அலைய வேண்டாம்."

எழுதியதற்குக் காரணம் இருந்தது. அவர் உட்கொண்ட மருந்து தூக்கத்தைத் தரக்கூடியது. கடும் வெயிலில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனையும் அது குறைக்கும். ஆனால் எத்தனை நாள் ஓய்வு, எந்த நேரத்து வெயில், அதன்பிறகு என்ன செய்யலாம் என்பதையெல்லாம் நான் எழுதவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்தார். குரல்கள் இல்லை, அச்சம் இல்லை. ஏட்டின்படி அது நல்ல முன்னேற்றம். ஆனால் உடல் எடை ஒன்பது கிலோ கூடியிருந்தது. கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்று தந்தையிடம் கேட்டேன்.

"திண்ணையில உக்காந்திருப்பான்மா. சோறு வச்சா சாப்பிடுவான். மத்தபடி ஒண்ணுமில்ல."

"ஆடுகளை யார் மேய்க்கிறார்கள்?"

"அதெல்லாம் வித்துப்புட்டோம்மா. நீங்கதான ஓய்வு வேணும்னு எழுதியிருந்தீங்க. கண்ணு முன்னால ஆடு நின்னா இவன் சும்மா இருக்கமாட்டானேன்னு வந்த விலைக்குத் தள்ளிட்டோம்."

அவர் என்னைக் குறை கூறவில்லை. டாக்டர் சொன்னதைச் சரியாகச் செய்துவிட்டோம் என்ற நிறைவுதான் அந்தக் குரலில் இருந்தது. அன்று எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

மனச்சிதைவு நோயில் ஊக்கம் குன்றுவதும், பேச்சு சுருங்குவதும், ஆர்வம் வற்றுவதும் நோயின் இயல்பான கூறுகளே. குரல்களையும் ஐயங்களையும் அடக்கும் அளவுக்கு இவற்றை மருந்துகளால் மாற்ற முடிவதில்லை. எனவே ஆடுகளை விற்றதால்தான் அவர் அப்படி ஆனார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊக்கம் குன்றிய ஒருவரைக் காலையில் எழுப்பி வெளியே அழைத்துச் செல்ல இருபது உயிர்கள் அந்த வீட்டில் இருந்தன. என்னுடைய ஒரு வரி அவற்றை அப்புறப்படுத்தியது.

மருந்தை இரவு வேளைக்கு மாற்றினேன். அளவைச் சிறிது குறைத்தேன். மறுபடியும் ஆடு வாங்க அந்தக் குடும்பத்தில் பணமில்லை. இளைஞரின் சித்தி தம் ஆடு ஈன்ற இரண்டு பெட்டைக் குட்டிகளை வாரத்துக்கு விட்டார். வளர்ப்பவருக்குப் பிறக்கும் குட்டிகளில் பாதி என்பது ஏற்பாடு. முதல் சில வாரங்கள் தாயார்தான் குழை ஒடித்துப் போட்டார். பிறகு மகன் துரட்டியை எடுத்தார்.

ஒன்றரை ஆண்டுக்குப் பின் ஒரு நாள், புறநோயாளிகள் பிரிவில் வரிசை நீண்டிருந்தபோது, அவர் தாமாகவே எழுந்து வந்து செவிலியரிடம் சொன்னார்: "சினை ஆடு நிக்குது. இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்ரும். கொஞ்சம் சீக்கிரம் விடுங்க." அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அதுவே முதல் முறை. அவர் திரும்பி வரவேண்டும் என்று ஓர் உயிர் வீட்டில் காத்திருந்தது.

அத்துடன் எல்லாம் நலமாகிவிட்டது என்று முடித்தால் அது பொய்யாகும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஒருமுறை மாத்திரையை நிறுத்தினார். குரல்கள் திரும்பி வந்தன. மூன்று வாரம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. ஆடு மருந்துக்கு மாற்றாகாது. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

பண்ணை மருத்துவத்தின் பழைய வேர்கள்

மனநோயாளிகளை நிலத்தோடும் விலங்கோடும் வாழவிடும் எண்ணம் புதியதல்ல. பெல்ஜியத்தில் கீல் என்றொரு ஊர். இடைக்காலம் தொட்டே அவ்வூர்க் குடும்பங்கள் மனநோயாளிகளைத் தம் வீட்டில் தங்கவைத்துப் பராமரித்து வருகின்றன. அவர்களுள் பலர் உழவர் குடும்பங்கள்; வந்தவர்களும் அவரவர் இயல்புக்கேற்பத் தொழுவத்திலும் வயலிலும் கைகொடுத்தார்கள். 1930களின் இறுதியில் அவ்வாறு தங்கியிருந்தோர் 3,700க்கும் மேல். எண்ணிக்கை குறைந்தாலும் அம்மரபு இன்றும் அறுபடவில்லை.

இங்கிலாந்தின் யார்க் நகரில், 1790இல் ஹன்னா மில்ஸ் என்ற பெண்மணி மனநோயாளர் விடுதி ஒன்றில் இறந்தார். அக்கால விடுதிகளின் நிலை கண்டு வருந்திய குவேக்கர் சமயத்தவரான வில்லியம் டியூக், 1796இல் 'ரிட்ரீட்' என்ற புகலிடத்தைத் திறந்தார். சங்கிலிக்குப் பதில் கனிவு, அடைப்புக்குப் பதில் தோட்டம் என்பதே அதன் நெறி. முற்றங்களில் முயல்களும் கோழிகளும் பறவைகளும் விடப்பட்டிருந்தன என்று அவருடைய பேரன் சாமுவேல் டியூக் 1813இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. நீண்ட நாள் படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சிறு வளர்ப்பு விலங்கு நல்ல துணை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் தம் செவிலியர் குறிப்புகளில் எழுதினார்.

1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், பேச மறுத்த சிறுவன் ஒருவன் தம் நாய் ஜிங்கிள்ஸுடன் பழகத் தொடங்கியதைக் கவனித்தார். அதிலிருந்து அவர் எழுதிய கட்டுரைகளே இன்று நாம் விலங்குத் துணைச் சிகிச்சை என்று அழைக்கும் துறைக்கு வித்திட்டன.

நீங்கள் காணொளியில் பார்ப்பது பெரும்பாலும் நெதர்லாந்து போன்ற நாடுகளின் பராமரிப்புப் பண்ணைகளை. 1998இல் அந்நாட்டில் 75 அளவில் இருந்த அவை இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அவற்றுள் மிகப் பல, பால் கறந்து காய்கறி விளைவிக்கும் உண்மையான குடும்பப் பண்ணைகள். மனநோயாளிகள், மறதி நோயுள்ள முதியோர், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோர் வாரத்தில் சில நாள் அங்கு வந்து, இயன்ற வேலையைச் செய்து, எல்லோருடனும் ஒரே மேசையில் உண்டு, மாலையில் வீடு திரும்புகிறார்கள். பண்ணைக்காரருக்கு அரசின் பராமரிப்பு நிதியிலிருந்து கட்டணம் செல்கிறது. மருத்துவரும் மாத்திரையும் வழக்கம்போலத் தொடர்கின்றன. காணொளிகள் காட்டாமல் விடுவது இந்தக் கடைசிச் செய்தியைத்தான்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மருத்துவர் என்ற முறையில் இங்கு அடக்கமாகவே பேசவேண்டும். இத்துறையில் ஆய்வுகள் பல இருந்தாலும் பெரும்பாலானவை சிறியவை. முடிவுகளும் ஒரே திசையில் செல்வதில்லை.

நார்வேயில் மனநோயாளிகள் 90 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையோடு, வாரம் இரு முறை மூன்று மணி நேரம் வீதம், 12 வாரங்களுக்குப் பண்ணை விலங்குகளோடு வேலை செய்தார்கள். ஆறு மாதம் கழித்து அளந்து பார்த்தபோது, 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை அவர்களிடம் முன்பைவிடக் கூடியிருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் அதே நாட்டில் நடந்த இன்னோர் ஆய்வில், பண்ணைக்குச் சென்றவர்களுக்கும் செல்லாதவர்களுக்கும் இடையே தெளிவான வேறுபாட்டைக் காட்ட முடியவில்லை.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது மூன்றாவது ஆய்வு. மனச்சோர்வு உள்ள 14 பேர் கறவை மாடுகளோடு வேலை செய்வதைக் காணொளியாகப் பதிந்து, அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று வகைப்படுத்தினார்கள். பால் கறப்பது போன்ற, பழகித் தேறவேண்டிய வேலைகளில் ஈடுபட்டவர்களிடம் மனச்சோர்வு குறைவதும் நம்பிக்கை கூடுவதும் சேர்ந்து காணப்பட்டன. செயலற்று நின்றவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. பதினான்கு பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது. மனச்சோர்வு குறைந்தவர்களே கூடுதலாக வேலை செய்திருக்கவும் கூடும். ஆயினும் நான் அறையில் காண்பதற்கு இது ஒத்திருக்கிறது. விலங்கைத் தடவிக்கொடுப்பதைவிட, அதற்கு வேண்டியதைச் செய்யக் கற்பதே மனிதரை நிமிர்த்துகிறது.

பண்ணை தருவது என்ன?

ஒரு பண்ணையிலிருந்து புல்வெளியையும் படப்பிடிப்பையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நான்கு பொருள்கள் எஞ்சுகின்றன.

முதலாவது, நேர ஒழுங்கு. மாடு காலையில் கறக்கப்பட வேண்டும். நம் மனநிலைக்காக அது காத்திருக்காது. உறக்கமும் விழிப்பும் குலைந்துபோன ஒருவருக்கு, குறிப்பாக இருமுனை மனநிலை நோய் உள்ளவருக்கு, இந்த ஒழுங்கு மிகவும் இன்றியமையாதது.

இரண்டாவது, உடலுழைப்பு. எங்கள் மருந்துகளுள் சில எடையையும் சர்க்கரையையும் கூட்டுகின்றன. நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று நான் நூறு முறை சொல்லியும் நடக்காதவர், ஆட்டின் பின்னால் நான்கு கிலோமீட்டர் நடந்துவிடுகிறார்.

மூன்றாவது, கேள்வி கேட்காத துணை. 'இப்போது எப்படி இருக்கிறாய், மாத்திரை போட்டாயா, ஏன் இப்படிப் பார்க்கிறாய்' என்று நாம் நோயாளியை நாள் முழுவதும் விசாரிக்கிறோம். ஆட்டுக்கு அவர் நோயாளி என்பதே தெரியாது.

நான்காவதே நான் முதன்மையாகக் கருதுவது: தேவைப்படுதல். நோய்வாய்ப்பட்ட நாள்முதல் அவர் எல்லோரிடமிருந்தும் பெற்றுக்கொண்டே இருக்கிறார். சோறு, மாத்திரை, பணம், அறிவுரை எல்லாம் அவரை நோக்கியே வருகின்றன. அவரிடமிருந்து எதையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்காமல் இருப்பதை நாம் கருணை என்று எண்ணுகிறோம். பெறுபவராக மட்டுமே ஆண்டுக்கணக்கில் வாழ்வது எவரையும் உள்ளூர மெலியச் செய்யும். ஒரு கிண்ணம் தண்ணீருக்காகத் தம்மை எதிர்பார்க்கும் ஓர் உயிர் இருக்குமானால், அவர் கொடுப்பவராகவும் ஆகிறார்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

இதைப் படித்துவிட்டு இன்றே யாரும் கன்றுக்குட்டி வாங்கப் புறப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியவை சில உண்டு.

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உள்ளன. 2009இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், குழந்தைகள் விலங்குகளைத் தொட்டு மகிழும் பண்ணை ஒன்றுக்குச் சென்று வந்த 93 பேர் ஈ கோலை கிருமித் தொற்றுக்கு ஆளானார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். விலங்கைத் தொட்டபின், உண்பதற்கு முன், சோப்பு போட்டுக் கை கழுவுவது கட்டாயம். பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. புருசெல்லா என்ற காய்ச்சல் நோய் அவ்வழியாகப் பரவும். மழைக்காலச் சேற்றில் வெறுங்காலுடன் நடந்தால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். கர்ப்பிணிகள் ஆடு ஈனும்போது உதவச் செல்லக் கூடாது. நாய், பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களும், புற்றுநோய் மருந்து எடுத்துக்கொள்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் விலங்குகளைப் பராமரிக்க வேண்டாம்.

மனநல மருந்து உட்கொள்பவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். லித்தியம் எடுத்துக்கொள்பவர்கள் வெயிலில் வியர்த்து நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் மிகுதல், வாந்தி, பேதி, நடை தள்ளாடுதல் ஆகியவை தோன்றினால் உடனே வரவேண்டும். குளோர்ப்ரோமசின் எடுப்பவர்களுக்கு வெயிலில் தோல் எளிதில் சிவந்து எரியும். குளோசபின் எடுப்பவர்களுக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மழையில் நனைந்ததால் வந்தது என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். தூக்கம் தரும் மருந்தின் அளவு நிலைப்படும் வரை கிணற்றடி, மோட்டார், தீவனம் வெட்டும் இயந்திரம் பக்கம் தனியாக விடாதீர்கள். இவையெல்லாம் வேலையை நேரமும் இடமும் பார்த்து அமைத்துக்கொள்வதற்கான காரணங்கள். வேலையே கூடாது என்பதற்கல்ல.

விலங்கின் நலனையும் மறக்கலாகாது. சீற்றம் அடங்காத நிலையில் உள்ளவரிடமும், விலங்கைத் துன்புறுத்திய வரலாறு உள்ளவரிடமும் ஓர் உயிரை ஒப்படைக்கக் கூடாது. விலங்கைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு இதைத் திணிக்கவும் கூடாது.

இன்னொரு கவலை எனக்கு இவற்றைவிடப் பெரியது. சென்ற நூற்றாண்டுகளில் உலகின் பல பெரிய மனநோய் விடுதிகளில் பண்ணைகள் இருந்தன. சிகிச்சை என்ற பெயரில் நோயாளிகள் கூலியின்றி உழைத்து அந்த விடுதிகளுக்கே சோறு போட்டார்கள். அந்த வரலாறு திரும்பக் கூடாது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநல நிலையங்களில் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது என்றும், செய்த வேலைக்கு உரிய ஊதியம் தரவேண்டும் என்றும் தெளிவாகச் சொல்கிறது.

எனவே பண்ணை, இயற்கைச் சிகிச்சை இல்லம் என்று யாரேனும் விளம்பரம் செய்தால், சேர்க்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

- மாத்திரையைத் தொடர்வீர்களா, நிறுத்தச் சொல்வீர்களா? 'நிறுத்துவோம்' என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.
- மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார்?
- அரசின் மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா?
- வேலை செய்ய விரும்பாத நாளில் என்ன நடக்கும்? செய்த வேலைக்கு என்ன தருவீர்கள்?
- நாங்கள் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கலாமா? அவர் எங்களோடு தொலைபேசியில் பேசலாமா?

வீட்டிலேயே தொடங்கலாம்

ஊரில் ஆடு மாடு உள்ள குடும்பங்களுக்கு என் முதல் வேண்டுகோள் தலைப்பிலேயே இருக்கிறது. நோய் வந்தது என்பதற்காக விற்றுவிடாதீர்கள். சில மாதம் உறவினரிடம் வாரத்துக்கு விடுங்கள். நிலைமை சீரானதும் ஒன்றிரண்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நகரத்தில், இரண்டு அறை வீட்டில் வசிப்போர் ஆட்டுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஆடுதான் வேண்டும் என்பதில்லை. மாடியில் இரண்டு தொட்டிக் கீரையோ ஒரு மல்லிகைச் செடியோ போதும். கோடையில் குருவிகளுக்கு வைக்கும் தண்ணீரும் போதும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அந்தப் பொறுப்பு முழுமையாக அவருடையதாக இருக்க வேண்டும். அவர் ஒரு நாள் மறந்தால் நீங்கள் முந்திக்கொண்டு நீர் ஊற்றிவிடாதீர்கள். செடி சற்று வாடட்டும், அவரே பார்க்கட்டும். விலங்காக இருந்தால் அதைப் பட்டினி போடக் கூடாது என்பதால், இன்னொருவர் துணையாக இருப்பது நல்லது.

சிறிய அளவில் தொடங்குங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். செய்து முடித்ததைப் பெரிதாகப் புகழவும் வேண்டாம். குழந்தையைப் புகழ்வதுபோல் புகழ்ந்தால் வளர்ந்த மனிதர் கூசுவார். அந்தக் கீரையைச் சமைத்து எல்லோரும் உண்டால் அதுவே போதிய பாராட்டு. முடியாத நாள்களும் வரும். அவை சோம்பலல்ல, நோயின் நாள்கள். மறுநாள் மீண்டும் தொடங்கலாம்.

எங்களிடமும் அரசிடமும்

மருத்துவர்களாகிய நாங்களும் மாறவேண்டும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் 'ஓய்வு' என்று எழுதுவதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். எத்தனை நாள் ஓய்வு, எந்த நாளிலிருந்து எந்த வேலை என்று எழுதுகிறேன். நோய்க்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வியை முதல் நாளே கேட்கிறேன். அந்த இளைஞர் மறுபடி சேர்க்கப்பட்ட மூன்று வாரமும், ஆடுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் அன்றாடக் குறிப்பில் எழுதினோம்.

அரசுக்கும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு 4 ஆடுகள் வழங்கும் விலையில்லா ஆடுகள் திட்டம் தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. நோயிலிருந்து மீண்டுவரும் ஒருவருக்கு இத்தகைய உதவியில் முன்னுரிமை அளித்து, ஊர்க் கால்நடை மருத்துவரையும் மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரையும் அதில் இணைத்தால், வெளிநாட்டுப் பண்ணையின் பயனில் பெரும்பகுதியை அவரவர் ஊரிலேயே தரமுடியும் என்பது என் நம்பிக்கை. புதிய கட்டடம் ஒன்றும் அதற்கு வேண்டியதில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு ஒரு தாளும் கொண்டுவாருங்கள். நோய் வருவதற்கு முன் அவர் எந்த வேலையில் கைதேர்ந்தவராக இருந்தார், யாருக்கு என்ன செய்துகொடுத்தார் என்று அதில் எழுதுங்கள். அதிலிருந்து எதை, எப்போது, எவ்வளவு திரும்பக் கொடுக்கலாம் என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம். இடையில் மனம் தளர்ந்தால், நோயாளிக்காயினும் உங்களுக்காயினும், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி இரவும் பகலும் கிடைக்கும்.

அந்த இளைஞர் இப்போது இளைஞர் அல்லர், முன்நெற்றி நரைத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறார். வரிசையில் நின்றுகொண்டு, "சீக்கிரம் விடுங்கம்மா, ஆடு கத்திக்கிட்டு நிக்கும்" என்று இன்றும் சொல்கிறார். நாங்களும் இயன்ற அளவு சீக்கிரமாக அனுப்பிவைக்கிறோம்.